இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சை: வெற்றி என்று சொல்லும் உரிமை யாருக்கு?

"சத்திரசிகிச்சை வெற்றி, ஆனால் நோயாளி இறந்துவிட்டார்" என்பது நம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவருகின்ற ஒரு பகிடி. பகிடிதான் என்றாலும் அதற்குள் பாரதூரமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு சத்திரசிகிச்சை வெற்றிபெற்றதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உரியது? கத்தியைப் பிடித்த வைத்தியருக்கா? எக்ஸ்ரே படத்துக்கா? செயற்கை உறுப்பைத் தயாரித்து விற்ற கம்பனிக்கா? செலவை ஏற்றுக்கொண்ட அரசாங்கத்துக்கா? அல்லது, அந்த உறுப்பைத் தன் உடலுக்குள் சுமந்துகொண்டு மிச்சக் காலத்தை நடந்து கழிக்கவேண்டிய நோயாளிக்கா?

மருத்துவ வரலாற்றில் இந்தக் கேள்வி மிகத் தெளிவாகக் கேட்கப்பட்ட இடம் இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை எனலாம். அதற்குக் காரணம் உண்டு. இருதயச் சத்திரசிகிச்சையிலோ புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையிலோ நோயாளி பிழைத்தாரா என்பதே முதற்கேள்வி. தேய்ந்துபோன இடுப்பு மூட்டோ எவரையும் உடனே கொன்றுவிடுவதில்லை. அது நோகிறது, உறக்கத்தைக் கெடுக்கிறது, படியேறவும் சப்பாத்து மாட்டவும் முடியாதவாறு மனிதரை முடக்குகிறது. ஆகவே அந்தச் சத்திரசிகிச்சையின் ஒரே நோக்கம் நோவைப் போக்குவதும் நடமாட்டத்தை மீட்டுக் கொடுப்பதுமே. நோவை அறிந்தவர் நோயாளி ஒருவரே. அப்படியிருந்தும் அவரிடம் முறையாகக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த நூற்றாண்டின் கதையே இது.

கொட்மனின் அட்டைகள்

கதையின் தொடக்கம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில். ஏர்னெஸ்ட் அமோரி கொட்மன் (1869-1940) என்பவர் அங்கு புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராகக் கடமையாற்றியவர். அவர் முன்வைத்த யோசனை மிகவும் எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும். என்ன நோய், என்ன சிகிச்சை என்பவற்றை அதில் எழுதவேண்டும். நோயாளி வீடு திரும்பி நீண்ட காலத்தின் பின்னர் அவரை மீண்டும் தேடிப்பிடித்து, குணமானாரா என்று கேட்டு அதையும் எழுதவேண்டும். குணமாகவில்லை என்றால், ஏன் என்பதையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். இதற்கு அவர் "இறுதிப் பெறுபேறு" முறை என்று பெயரிட்டார்.

சக வைத்தியர்களுக்கு இது பிடிக்கவில்லை. வைத்தியசாலையில் பதவி உயர்வு மூப்பின் அடிப்படையிலேயே வழங்கப்பட்டது. பெறுபேற்றின் அடிப்படையில் அல்ல. அதை எதிர்த்து 1914 ஆம் ஆண்டு கொட்மன் பதவியைத் துறந்தார். 1915 ஜனவரியில் பொஸ்டனில் நடந்த ஒரு வைத்தியர் கூட்டத்தில் பெரியதொரு கேலிச்சித்திரத்தைத் திரைநீக்கம் செய்தார். மணலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பொன்முட்டைகளை உதைத்துத் தள்ளும் தீக்கோழியாக நகரத்துச் செல்வந்தர்களும், அந்த முட்டைகளைப் பொறுக்குவோராக வைத்தியர்களும் அதில் தீட்டப்பட்டிருந்தனர். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. பதவிகளும் நட்புகளும் அவரை விட்டு நீங்கின.

ஆயினும் தான் சொன்னதைத் தானே செய்து காட்டினார். தனது சொந்தச் சிறிய வைத்தியசாலையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்று வெளியேறிய 337 நோயாளிகளின் பெறுபேறுகளை அச்சிட்டு வெளியிட்டார். அவற்றில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தன் கைப்படவே கணக்குக் காட்டினார். 1920 இல் எலும்புப் புற்றுநோய்க்கென ஒரு பதிவேட்டையும் தொடக்கிவைத்தார். 1940 இல் அவர் காலமானபோது கல்லறைக்கு ஒரு கல்கூட நாட்டப்படவில்லை. 2014 ஆம் ஆண்டில்தான் அமெரிக்க வைத்தியத்துறையினர் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தனர்.

கொட்மன் இடுப்பு மூட்டு நிபுணர் அல்லர். தோள்மூட்டு ஆய்வுக்காகவே பெயர்பெற்றவர். எனினும் பின்னர் இடுப்பு மூட்டுத் துறையில் உருவான பதிவேடுகள், வினாக்கொத்துகள் அனைத்துக்கும் மூலக்கரு அவருடைய அந்த அட்டையே.

யானைத்தந்தமும் கண்ணாடியும்

செயற்கை இடுப்பு மூட்டின் ஆரம்ப வரலாறு, பெறுபேறு தெரியாத பரிசோதனைகளின் வரலாறாகும். ஜேர்மனியில் தெமிஸ்டோக்கிளிஸ் குளுக் என்பவர் 1890 களின் தொடக்கத்தில் யானைத்தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். பொஸ்டனில் சிமித் பீற்றர்சன் 1923 இல் கண்ணாடியாலான கிண்ணத்தைப் பயன்படுத்தினார், அது உடைந்தது. 1938 அளவில் கோபால்ட் கலந்த உலோகக் கிண்ணத்துக்கு மாறினார். அதே 1938 இல் லண்டனில் பிலிப் வைல்ஸ், பந்து, கிண்ணம் இரண்டையும் உருக்கினால் செய்து பொருத்தினார். மூட்டு முழுவதையும் மாற்றும் முயற்சிகளில் இது முன்னோடியாகக் கருதப்படுகிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரின் குழப்பத்தில் அந்த நோயாளிகளின் பதிவுகள் தொலைந்துபோயின. பதிவு போனபின் பாடமும் போயிற்று.

1946 இல் பாரிஸ் நகரில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் பந்து செய்து பொருத்தத் தொடங்கினர். ஆரம்பத்தில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது. சில ஆண்டுகளில் தேய்ந்தும் உடைந்தும் ஏமாற்றியது. இவ்வகைப் பந்து பொருத்தப்பட்ட பிரித்தானிய நோயாளி ஒருவரின் இடுப்பு, அசையும் போதெல்லாம் கிரீச்சிட்டது. அவருடைய மனைவியால் அந்த ஓசையைச் சகிக்க முடியவில்லை. இந்த முறைப்பாட்டை வைத்தே, மூட்டுக்குள் உராய்வு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று ஒரு வைத்தியர் சிந்திக்கத் தொடங்கினார். அவர்தான் ஜோன் சார்ன்லி. நவீன இடுப்பு மூட்டின் வரலாறே ஒரு நோயாளியின் வீட்டு முறைப்பாட்டிலிருந்து தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது.

இதற்கிடையில், பிரான்சைச் சேர்ந்த மேர்ல் டோபினே, மிஷல் போஸ்டெல் ஆகிய இருவரும் 1954 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். நோவு, மூட்டின் அசைவு, நடக்கும் ஆற்றல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஆறு வரையான புள்ளி. ஆறு என்றால் இயல்பு நிலை. "நல்ல முன்னேற்றம்" என்று பொதுப்படையாக எழுதிவந்த வைத்தியர்களுக்கு, ஒருவர் செய்ததை மற்றவர் செய்ததோடு ஒப்பிட முதன்முதலில் ஒரு பொதுமொழி கிடைத்தது.

சார்ன்லி கற்ற பாடம்

சார்ன்லி 1911 இல் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். விகான் நகருக்கு அருகில், முன்னர் காசநோய் வைத்தியசாலையாக இருந்த ரைட்டிங்டன் என்னும் இடத்தைத் தன் களமாக்கிக் கொண்டார். சிறிய உலோகப் பந்து, அதைத் தாங்கும் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பிணைக்க அக்ரிலிக் சீமெந்து என்பதே அவருடைய திட்டம். கிண்ணத்துக்கு அவர் முதலில் தெரிவு செய்தது டெஃப்லோன். சமையற் சட்டிகளில் ஒட்டாமற் பூசப்படுகின்ற அதே பொருள்தான்.

சுமார் 300 பேருக்கு டெஃப்லோன் மூட்டு பொருத்தப்பட்டது. ஆரம்பப் பெறுபேறுகள் அற்புதமாக இருந்தன. பல வருடங்களாகத் தடியூன்றியோர் நோவின்றி நடந்தனர். அந்த வேளையில் ஒரு திருப்திக் கணிப்பு நடத்தப்பட்டிருந்தால் ஏறத்தாழ எல்லோரும் "மிகத் திருப்தி" என்றே பதில் அளித்திருப்பர். ஆனால் மூன்று நான்கு வருடங்களுக்குள் டெஃப்லோன் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுக்களைத் தாக்கின, எலும்பு அரிக்கப்பட்டது, மூட்டுகள் தளர்ந்தன. சார்ன்லி அந்த நோயாளிகளுக்கு ஒவ்வொருவராக மறுபடியும் சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. துகள்களின் தன்மையை அறிவதற்காக அவற்றைத் தன் சொந்தத் தொடைக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்து, அதன் விளைவை 1963 இல் 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார்.

1962 இல் ஒரு வர்த்தகப் பிரதிநிதி, மிகையான மூலக்கூற்று நிறை கொண்ட பொலித்தீன் துண்டொன்றை ரைட்டிங்டனுக்குக் கொண்டுவந்தார். சார்ன்லி அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அவருடைய தொழில்நுட்பவியலாளர் ஹரி கிரேவன், சார்ன்லி வெளிநாடு சென்றிருந்த வேளையில் அதைத் தேய்வுச் சோதனைப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். டெஃப்லோனோடு ஒப்பிடுகையில் அது தேயவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் முதலாவது பொலித்தீன் கிண்ணம் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் இடுப்பு மூட்டுகளிற் பெரும்பாலானவை அந்த வழிவந்தவை.

டெஃப்லோன் தந்த பாடத்தைச் சார்ன்லி மறக்கவில்லை. தம்மிடம் பயிற்சி பெறாத வைத்தியர்களுக்குத் தம் மூட்டு விற்கப்படுவதைப் பல ஆண்டுகள் தடுத்து வைத்தார். தம் நோயாளிகளை வருடாவருடம் அழைத்துப் பார்த்தார். இறந்தபின் மூட்டைக் கழற்றிப் பரிசோதிக்க அனுமதி தருமாறு அவர்களிடமே கேட்டார்; பெருந்தொகையானோர் சம்மதித்தனர். 1972 இல் தம் நீண்டகாலப் பெறுபேறுகளை வெளியிட்டபோது, பிரெஞ்சுக்காரரின் அளவுகோலுக்கு முன்னால் ஓர் எழுத்தையும் சேர்த்தார். ஓர் இடுப்பு மட்டும் பழுதானவர் ஒரு வகை, இரண்டும் பழுதானவர் இன்னொரு வகை, வேறு நோயாலும் நடக்க இயலாதவர் மூன்றாம் வகை. இருதய நோயால் நூறு யார் தூரம் நடக்க முடியாதவரின் குறையை இடுப்பு மூட்டின் கணக்கில் எழுதக்கூடாது என்பதே அதன் கருத்து. நியாயமான அளவீட்டின் அடிப்படை விதி இது. ஒப்பிடத்தக்கவர்களையே ஒப்பிடவேண்டும்.

வைத்தியர் போட்ட புள்ளி

1969 இல் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹரிஸ் இன்னோர் அளவுகோலை வெளியிட்டார். கொட்மன் விட்டு விலகிய அதே வைத்தியசாலை! ஹரிஸின் மொத்தப் புள்ளி 100. நோவின்மைக்கு 44, செயலாற்றலுக்கு 47, அசைவுக்கு 5, ஊனமின்மைக்கு 4. தொண்ணூறும் அதற்கு மேலும் என்றால் மிக நன்று. எழுபதுக்குக் கீழ் என்றால் மோசம். சப்பாத்தும் காலுறையும் அணிய முடிகிறதா, சாதாரண நாற்காலியில் ஒரு மணித்தியாலம் அமர முடிகிறதா, பொதுப் போக்குவரத்தில் ஏற முடிகிறதா என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. அன்றாட வாழ்க்கை மருத்துவத் தாளுக்குள் நுழைந்தது. இன்றுவரை உலகில் மிக அதிகமாகப் பயன்படும் இடுப்பு அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த அளவுகோல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குறைபாடு இருந்தது. கேள்வி கேட்டவரும் புள்ளி போட்டவரும் வைத்தியரே. பல வேளைகளில் சத்திரசிகிச்சை செய்த அதே வைத்தியர். தன் வினாத்தாளைத் தானே திருத்திய மாணவனின் நிலை இது. நோயாளியின் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தன்னை நடக்கவைத்த வைத்தியரின் முகத்துக்கு நேரே, "இன்னமும் நோகிறது ஐயா" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? "பரவாயில்லை, இப்போது நல்ல சுகம்" என்பதே பெரும்பாலான வாய்களில் வரும் பதில்.

இது வெறும் ஊகம் அன்று. 1996 இல் லீபர்மனும் சகாக்களும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று, இடுப்பு மூட்டு மாற்றிய நோயாளிகளின் மதிப்பீட்டையும் அவர்களுடைய வைத்தியர்களின் மதிப்பீட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தது. நோவு இல்லாதவர்கள் விடயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போயின. நோவு கூடக்கூட இரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான இடைவெளியும் கூடிற்று. அதாவது, யாருடைய குரல் கட்டாயம் கேட்கப்பட வேண்டுமோ அவர்களுடைய குரலே மிகக் குறைவாகக் கேட்கப்பட்டது.

ஒக்ஸ்போர்டின் பன்னிரண்டு கேள்விகள்

அதே 1996 ஆம் ஆண்டு, ஒக்ஸ்போர்டில் ஜில் டோசன், ரே ஃபிட்ஸ்பற்றிக், ஆன்ட்ரூ கார், டேவிட் மரே ஆகியோர் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டனர். நோயாளிகளோடு பேசி, அவர்கள் எதைச் சொல்லி வருந்தினார்களோ அவற்றைக் கேள்விகளாக்கினர். மொத்தம் பன்னிரண்டே கேள்விகள். கடந்த நான்கு வாரங்களில் வழமையான நோவு எப்படி? குளித்து உடல் துடைக்க முடிந்ததா? வாகனத்தில் ஏறி இறங்க முடிந்ததா? காலுறை அணிய முடிந்ததா? தனியே கடைக்குப் போய்வர முடிந்ததா? சாப்பாட்டின் பின் கதிரையிலிருந்து எழும்போது எவ்வளவு நொந்தது? நொண்டினீர்களா? இரவில் படுக்கையில் நோவு இருந்ததா? இப்படியே அவை செல்கின்றன.

வைத்தியர் தொட்டுப் பார்க்கவும் வேண்டியதில்லை. படம் எடுக்கவும் வேண்டியதில்லை. நோயாளி வீட்டிலிருந்தே நிரப்பித் தபாலில் சேர்க்கலாம். தற்போதைய கணக்கின்படி ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை புள்ளி, முழுப்புள்ளி 48. புள்ளி கூடினால் நலம் கூடுதல். எளிமையான இந்தத் தாளின் முக்கியத்துவம் அதில் எழுதுகின்ற கை நோயாளியினுடையது என்பதிலேயே தங்கியுள்ளது.

நாடு முழுவதற்கும் ஒரு பேரேடு

நோயாளியின் குரல் ஒரு பக்கம் வலுப்பெற்றுக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் கொட்மனின் அட்டை நாடளாவிய பேரேடாக விரிந்தது. சுவீடன் 1979 இல் இடுப்பு மூட்டுகளுக்கெனத் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. பின்லாந்து 1980 இலும் நோர்வே 1987 இலும் பின்தொடர்ந்தன. அவற்றின் அளவுகோல் ஒன்றே ஒன்று: பொருத்திய மூட்டை மறுபடி கழற்றி மாற்ற நேர்ந்ததா? ஆம் என்றால் தோல்வி.

பதிவேட்டின் பயன் விரைவிலேயே தெரிந்தது. போன்லொக் என்ற புதுவகை எலும்புச் சீமெந்து 1991 இல் சந்தைக்கு வந்தது. பழைய சீமெந்தைவிடச் சிறந்தது என்றே அது அறிமுகப்படுத்தப்பட்டது. அதனால் பொருத்தப்பட்ட மூட்டுகள் அளவுக்கு மீறித் தளர்வதை நோர்வே பதிவேடு சில ஆண்டுகளுக்குள் கண்டுபிடித்தது. 1995 இல் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

பதிவேடு இல்லாத பிரித்தானியாவின் அனுபவம் வேறு. 3எம் கம்பனியின் 'கெப்பிட்டல்' மூட்டு, சார்ன்லி மூட்டை ஒத்ததாக, ஆனால் மலிவாக, 1991 முதல் 1997 வரை அங்கு விற்கப்பட்டது. அது முன்கூட்டியே தளர்கிறது என்று 1998 இல் அரசாங்கம் எச்சரிக்கை விடுத்தபோது, அதைச் சுமந்திருந்த சுமார் 4,700 பேரைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடாயிற்று. எந்த வைத்தியசாலையில், எந்த நோயாளிக்கு, எந்த மூட்டு பொருத்தப்பட்டது என்பதை ஓரிடத்திற் சொல்லக்கூடிய பேரேடு இருக்கவில்லை. சார்ன்லி பிறந்த நாட்டிலேயே இந்த நிலை. அந்தச் சங்கடத்தின் பின்னரே 2002 இல் தேசிய மூட்டுப் பதிவேடு அமைக்கப்பட்டு, 2003 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவுகள் தொடங்கின.

2009: எல்லோரிடமும் கேட்பது

2002 முதல் சுவீடன் பதிவேடு நோயாளிகளிடம் நேரடியாகக் கேள்வி கேட்கவும் தொடங்கியிருந்தது. 2009 ஏப்ரலில் இங்கிலாந்து இன்னும் பெரியதோர் அடியை எடுத்துவைத்தது. தேசிய சுகாதார சேவையின் செலவில் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, குடலிறக்கம், நாளப்புடைப்பு ஆகிய நான்கு சத்திரசிகிச்சைகளுக்கு உட்படும் அனைவரிடமும் முன்னும் பின்னும் வினாக்கொத்து நிரப்பக் கேட்கும் திட்டம் அது. பின்னைய இரண்டும் 2017 இல் கைவிடப்பட்டன, மூட்டுகள் தொடர்ந்தன. இடுப்புக்குப் பயன்பட்டது ஒக்ஸ்போர்ட் தாள். அதனோடு பொதுவான உடல்நலத்தை அளக்கும் ஐந்து கேள்விகளும், "இன்று உங்கள் உடல்நலம் எப்படி?" என்று 0 முதல் 100 வரை குறிக்கும் ஒரு கோடும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு வைத்தியசாலையின் பெறுபேறும் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. கொட்மன் கேட்டதும் இதைத்தான்.

முதலாம் ஆண்டின் பெறுபேறு சிந்திக்க வைப்பது. ஒக்ஸ்போர்ட் தாளின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் முன்னேறியிருந்தனர். சராசரி முன்னேற்றம் 48 இல் சுமார் 20 புள்ளிகள். பொதுவான ஐந்து கேள்விகளின்படி நூற்றுக்கு 87 அளவினரே முன்னேறினர். கோட்டின்படி பார்த்தால் முன்னேறியவர் நூற்றுக்கு 61 அளவினர்! ஒரே நோயாளிகள், ஒரே சத்திரசிகிச்சை, மூன்று வெவ்வேறு விடைகள்.

இதில் எது உண்மை? மூன்றும் உண்மையே. இடுப்பைப் பற்றிக் கேட்டால் இடுப்பைப் பற்றிய பதில் வரும். "உடல்நலம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், நீரிழிவும் முழங்கால் நோவும் தனிமையும் அந்தப் பதிலுக்குள் சேர்ந்துகொள்ளும். புள்ளிவிபரம் ஒன்றைக் கண்டால், அது எந்தக் கேள்விக்கான விடை என்பதை முதலிற் பார்க்கவேண்டும். பத்திரிகைத் தொழிலில் இளையவர்களுக்கு முதலிற் சொல்லிக்கொடுக்கும் பாடமும் அதுவே.

யார் பதில் அனுப்பினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. இளம் வயதினர், வெள்ளையர் அல்லாத சமூகத்தினர், வறிய பகுதிகளில் வாழ்வோர் ஆகியோரிடமிருந்து பின்னைய வினாக்கொத்து குறைவாகவே திரும்பி வந்தது என்று இங்கிலாந்து ஆய்வாளர்கள் 2012 இல் எடுத்துக்காட்டினர். பதில் வராதவர்களின் நோவு சராசரிக்குள் இடம்பெறுவதில்லை.

திருப்தியின் எல்லை

நோயாளியின் திருப்தி மட்டுமே போதும் என்று முடிவுகட்டவும் முடியாது. அதற்கு ஏ.எஸ்.ஆர். மூட்டின் கதை சான்று. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ கம்பனி தயாரித்த இந்த மூட்டில் உலோகப் பந்து உலோகக் கிண்ணத்திலேயே உருண்டது. பிளாஸ்டிக் இல்லாததால் தேய்வு குறையும், சுறுசுறுப்பானவர்களுக்கு உகந்தது என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. உராய்வில் வெளிவந்த கோபால்ட், குரோமியத் துகள்கள் தசையையும் எலும்பையும் அழித்தன. நோவே இல்லாமல், திருப்தியோடு நடமாடிய சிலருடைய உடலுக்குள்ளும் இவ்வகை உலோக மூட்டுகள் கட்டிகளை வளர்த்திருந்ததைப் பின்னர் ஸ்கான் படங்கள் காட்டின. அவர்களிடம் கேட்டிருந்தால் "நல்ல சுகம்" என்றே சொல்லியிருப்பர்.

ஆபத்தை முதலில் காட்டிக்கொடுத்தது 1999 இல் தொடங்கப்பட்ட அவுஸ்திரேலியப் பதிவேடு. ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் ஏனையவற்றைவிட விரைவாகக் கழற்றப்படுகின்றன என்று அது எண்ணிக்கையோடு சொன்னது. 2009 இறுதியில் அந்நாட்டில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டுவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் எட்டில் ஒருவர் அளவில் மறுசத்திரசிகிச்சைக்கு உள்ளாகியிருந்தனர் என்று பிரித்தானியப் பதிவேடு காட்டியது. 2013 இல் அமெரிக்க நோயாளிகளுக்காகச் சுமார் 250 கோடி டொலர் இழப்பீட்டுக்குக் கம்பனி இணங்கியது.

நமது அயல்நாடான இந்தியாவில் சுமார் 4,700 சத்திரசிகிச்சைகளில் இந்த மூட்டு பயன்பட்டது. அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு பின்னர் ஆராய்ந்தபோது, கம்பனியின் உதவிச் சேவையில் பதிந்திருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேரே. ஏனையோரின் இருப்பிடம் தெரியவில்லை. 2018 இல் இழப்பீட்டுச் சூத்திரம் வகுக்கப்பட்டு, ஆகக் கூடியது 1.23 கோடி ரூபா வரை என நிர்ணயிக்கப்பட்டபோதும், பெற்றுக்கொள்ள வேண்டியவர்களிற் பெரும்பாலோர் யாரென்றே தெரியாத நிலை. தமக்குள் இருக்கும் மூட்டின் பெயரையே அறியாத மனிதருக்கு எந்தச் சூத்திரமும் பயன்தராது.

ஆக, இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவேடு மட்டும் இருந்தால், நோவோடு வாழ்ந்தும் மறுசத்திரசிகிச்சைக்கு உட்படாதவர் 'வெற்றி' என்றே எண்ணப்படுவார். இவர்கள் சிறு தொகையினர் அல்லர். இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரை நீண்டகால நோவைக் கூறுகின்றனர் என்று 2012 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று காட்டியது. வினாக்கொத்து மட்டும் இருந்தால், டெஃப்லோன் போல, ஏ.எஸ்.ஆர். போல, நாளை வெடிக்கவிருக்கும் ஆபத்து இன்றைய திருப்திக்குள் மறைந்துவிடும். நோயாளி நிகழ்காலத்துக்குச் சாட்சி; பேரேடு காலத்துக்குச் சாட்சி.

எதிர்பார்ப்பும் நமது தரையும்

திருப்தி என்பது பெறுபேற்றின் மறுபெயர் அன்று. ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் மூட்டு மாற்றிய 4,709 பேரை ஆராய்ந்து 2013 இல் வெளியான ஆய்வு, திருப்தியைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானவையாக மூன்றைக் கண்டது. எதிர்பார்ப்பு நிறைவேறியமை, நோவு தணிந்தமை, வைத்தியசாலையில் நடத்தப்பட்ட விதம் ஆகியவையே அவை. மிக நேர்த்தியாகப் பொருத்தப்பட்ட மூட்டோடு ஒருவர் மனம் நொந்து இருக்கலாம். சுமாரான மூட்டோடு இன்னொருவர் நிறைவாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னரே, இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று நேர்மையாகச் சொல்லிவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

இந்த இடத்தில் நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹரிஸின் தாளும் ஒக்ஸ்போர்ட் தாளும் நாற்காலியில் அமர்ந்து, காலுறை அணிந்து வாழ்கின்ற மக்களின் வாழ்விலிருந்து பிறந்தவை. சம்மணமிட்டு உண்ணலாமா, குந்தி எழும்பலாமா, கோவிலில் தரையில் இருந்து கும்பிடலாமா, தொழுகையில் நெற்றி நிலத்தில் படக் குனியலாமா என்று அவற்றில் ஒரு கேள்வியும் இல்லை. மூட்டு மாற்றியவர்களுக்கு மரபாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரையோ, இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடிக்காதீர்கள், காலுக்கு மேல் காலைக் குறுக்கே போடாதீர்கள், தாழ்ந்த ஆசனத்தில் அமராதீர்கள் என்பதாகும். ஒரு மூதாட்டி 48 க்கு 46 புள்ளி பெற்றுவிட்டு, பேரப்பிள்ளைகளோடு பாயில் இருக்க முடியவில்லையே என்று ஏங்கக்கூடும். அந்த ஏக்கத்துக்குத் தாளில் இடமில்லை. காலுறையே அணியாத அவரிடம் காலுறைக் கேள்வியைக் கேட்டு வாங்கும் புள்ளிக்கு என்ன பொருள்?

ரொறன்ரோவிலோ லண்டனிலோ வாழும் நம் முதியவர்களுக்கு இன்னோர் இடர். வினாக்கொத்தை மகனோ மகளோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவர்களுக்கு மனச்சுமை கொடுக்க விரும்பாத பெற்றோர், "ஓம், பரவாயில்லை என்று போடு பிள்ளை" என்றுவிடுவதே பெரும்பாலும் நடக்கும். வைத்தியருக்கு முன்னால் வாயடைத்த அதே நாகரிகம் இங்கே பிள்ளைக்கு முன்னால் வாயடைக்கிறது. கேள்வித்தாளைத் தமிழிலே கேட்டு வாங்குவதும், பெற்றோரைத் தனியே இருத்தி, பதிலை அவர்களே குறிக்கவிடுவதும் பிள்ளைகள் செய்யக்கூடிய சிறிய, ஆனால் பெறுமதியான உதவி. பொருத்தப்பட்ட மூட்டின் பெயரையும் தயாரிப்பு இலக்கத்தையும் எழுதி வாங்கி, வீட்டு உறுதிப்பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது இரண்டாவது உதவி.

இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையை "நூற்றாண்டின் சத்திரசிகிச்சை" என்று 2007 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று அழைத்தது. அந்தப் புகழ் அதற்குத் தகும். ஆனால் அப்புகழைச் சம்பாதித்துக் கொடுத்தது உலோகமும் பிளாஸ்டிக்கும் மட்டுமல்ல. தன் 123 பிழைகளைத் தானே அச்சிட்ட ஒருவரும், தோற்ற மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே திருத்திய ஒருவரும், இறந்த பின்னும் பாடம் சொல்ல இசைந்த நூற்றுக்கணக்கான லங்காஷயர் நோயாளிகளும், பன்னிரண்டு கேள்விகளுக்கு உண்மையைக் குறித்துத் தபாலில் சேர்த்த இலட்சக்கணக்கான முதியவர்களும் சேர்ந்தே அதைச் சம்பாதித்தனர். வெற்றி என்று சொல்லும் உரிமை நோயாளிக்கே உரியது. அவர் உண்மையைச் சொல்லக்கூடிய வகையில் கேட்பதும், சொன்னதைத் தொலைக்காமல் வைத்திருப்பதும் மற்றவர்களின் கடமை.